ஒரே கணக்கை எத்தனை முறை போடுவது? - வணிக அறிக்கைகளின் உதிரிபாக வரலாறு

'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்றதும் ஏதோ நேற்று முளைத்த கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சொல் 1865-லேயே அச்சில் வந்துவிட்டது. வணிகர்களைப் பற்றிய துணுக்குகளைத் திரட்டி ரிச்சர்ட் மில்லர் டெவன்ஸ் என்பவர் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். ஐரோப்பாவில் பல ஊர்களில் ஆள் வைத்து, போர்ச் செய்திகளை மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டு காசு பார்த்த ஹென்றி ஃபர்னீஸ் என்ற லண்டன் வங்கியாளரின் கதை அதில் வருகிறது. அங்கேதான் இந்தச் சொல்லும் வருகிறது. 1958-ல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் இதையே ஒரு ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் வைத்தார். 1989-ல் ஹோவர்ட் டிரெஸ்னர் இன்று புழங்கும் அர்த்தத்தில் அதைப் பரப்பினார்.

சொல்லின் வரலாறு இவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலையின் வரலாறுதான் சுவாரசியமானது. ஒரு நடுத்தர நிறுவனத்தில்கூட மாதத்துக்கு நூறு அறிக்கைகள் தயாராகும். விற்பனை மேலாளருக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, இயக்குநர் குழுவுக்கு ஒன்று. அத்தனையையும் பிரித்துப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏழெட்டுக் கணக்குகள்தான். நிகர விற்பனை, மொத்த லாபம், சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கி, இவற்றையே மாதவாரியாக, ஊர்வாரியாக, பொருள்வாரியாகத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். அப்படியானால் 'நிகர விற்பனை' என்ற கணக்கை ஒரே ஒரு முறை செய்து, சைக்கிள் கடையில் செயின் வாங்கி மாட்டுவதுபோல எல்லா அறிக்கையிலும் மாட்டிவிட முடியாதா?

நூறு வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் இதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் 'முடித்துவிட்டோம்' என்று அறிவித்தது. அடுத்த தலைமுறை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

வணிகவியல் படிப்பவர்கள் 1494-ல் வெனிஸில் வெளியான லூக்கா பசியோலியின் புத்தகத்தில் தொடங்கச் சொல்வார்கள். அதுவும் நியாயம்தான். ஒரு நடவடிக்கையைக் குறிப்பேட்டில் ஒருமுறை எழுதி, பேரேட்டுக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்து எத்தனை அறிக்கை வேண்டுமானாலும் எடுப்பதுதானே இரட்டைப் பதிவு முறை? ஆனால் அங்கே மறுபடி பயன்பட்டது பதிவு மட்டும். கூட்டல் கழித்தலை ஒவ்வொரு முறையும் குமாஸ்தா கையால்தான் போட்டார்.

கணக்குப் போடும் முறையையே எடுத்து வைத்துக்கொள்ள முடியும் என்பது ஹெர்மன் ஹொலரித்துக்குப் பிறகு வந்த விஷயம். அமெரிக்காவின் 1880-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொகுத்து முடிக்க ஏழு வருடங்களுக்கு மேல் ஆனது. அடுத்த கணக்கெடுப்புக்கும் அப்படியே விட்டால் என்னவாகும் என்ற பயத்தில்தான் 1890-ல் ஹொலரித்தின் துளையிட்ட அட்டைகளும் எண்ணும் இயந்திரங்களும் இறங்கின. ஆளுக்கு ஒரு அட்டை, தகவலுக்கு ஒரு துளை. சுமார் 6 கோடியே 29 லட்சம் பேரை அப்படி எண்ணினார்கள். ஆனால் அந்த இயந்திரத்தில் எந்தத் துளை எந்த எண்ணியை நகர்த்த வேண்டும் என்பது உள்ளே கம்பிகளாகப் பொருத்தப்பட்டிருந்தது. வேறு மாதிரி எண்ண வேண்டுமென்றால் இயந்திரத்தைத் திறந்து கம்பிகளை மாற்ற வேண்டும்.

அரசாங்கத்துக்குப் பத்து வருடத்துக்கு ஒரு கணக்கு. ரயில்வே கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தினம் ஒரு கணக்கு. அதனால் 1906-ல் வந்த இயந்திரத்தில் ஹொலரித் ஒரு பிளக்போர்டு வைத்தார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கம்பியைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகுவார்களே, அதே மாதிரி. 1920-களில் அந்தப் பலகையையே கழற்றி மாட்டும்படி ஆக்கினார்கள். இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. சம்பளப் பட்டியலுக்கு ஒரு பலகையைக் கம்பி போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். விற்பனை அறிக்கைக்கு இன்னொன்று, பாக்கிப் பட்டியலுக்கு மூன்றாவது. மாதக் கடைசியில் அலமாரியைத் திறந்து பலகையை எடுத்து மாட்டினால் போதும், அறிக்கை அச்சாகிவிடும். கம்பி நழுவாமலிருக்க மூடி போட்டுக்கூட வைத்தார்கள். ஒரு அறிக்கையின் தர்க்கத்தைக் கையில் பிடித்து, தூக்கி, அடுக்கி வைக்க முடிந்த காலம் அது! அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கான்ரோ என்ற ஊரிலுள்ள ஸ்பார்க்லர் ஃபில்டர்ஸ் என்ற கம்பெனி, இப்படிப்பட்ட பலகைகளோடு ஐபிஎம் 402 இயந்திரத்தில் 2010-களிலும் தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

பலகையில் ஒரு குறை இருந்தது. அந்தக் குறை வேறு வேறு உருவத்தில் இன்று வரை தொடர்வதால் அதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பலகை என்பது ஒரு முழு அறிக்கை. அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்து இன்னொரு அறிக்கைக்குப் பயன்படுத்த முடியாது. விற்பனை அறிக்கையிலும் லாப அறிக்கையிலும் தள்ளுபடியைக் கழிக்க வேண்டுமா? இரண்டு பலகையிலும் தனித்தனியாகக் கம்பி போட வேண்டும். தள்ளுபடி விதி மாறிவிட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்தால் ஒரே கம்பெனிக்கு இரண்டு விற்பனைத் தொகை வரும். இரண்டும் சரியாகக் கூட்டப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்று தப்பாக இருக்கும்.

1959-ல் ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர் வந்தபோது, பலகையில் பழகிய ஆயிரக்கணக்கானவர்களை எப்படிக் கம்ப்யூட்டருக்கு இழுப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆர்பிஜி. விரித்துச் சொன்னால் ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர். எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, எதைக் கூட்ட வேண்டும், எங்கே அச்சடிக்க வேண்டும் என்று படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால் அதுவே புரோகிராமை எழுதித் தரும். அட்டை ஒவ்வொன்றாக உள்ளே போவது, குழு மாறும்போது கூட்டுத்தொகை அச்சாவது என்று பழைய இயந்திரத்தின் சுழற்சியையே அது காப்பியடித்தது. புது வீட்டுக்குக் குடிபோனாலும் பழைய வீட்டின் திசையிலேயே கட்டிலைப் போடுவதில்லையா, அந்த மாதிரி. அந்த மொழியின் வாரிசுகள் இன்றும் ஐபிஎம் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதே நேரத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹேன்ஃபோர்டில் வேறொரு யோசனை ஓடியது. நாகசாகியில் போட்ட குண்டுக்குப் புளுட்டோனியம் தயாரித்த அதே ஹேன்ஃபோர்டுதான். 1946 முதல் அரசாங்கத்துக்காக ஜெனரல் எலக்ட்ரிக் அதை நடத்தியது. அணு உலையாக இருந்தாலும் சம்பளம், சரக்கு, செலவுக் கணக்கு எல்லாம் உண்டல்லவா? அங்கே வேலை செய்த டபிள்யூ.சி. மெக்கீ 1959-ல் ஒரு கட்டுரை எழுதினார். சாரம் எளிமையானது. சம்பளப் புரோகிராமும் சரக்குப் புரோகிராமும் வேறு வேறு என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டிலும் நடப்பது வரிசைப்படுத்துவது, கோப்பைப் புதுப்பிப்பது, அறிக்கை அச்சடிப்பது என்ற மூன்றே வேலைகள்தான். ஆகவே இந்த மூன்றையும் பொதுவாக ஒருமுறை எழுதிவிட்டால், ஒவ்வொரு புது வேலைக்கும் கோப்பின் அமைப்பை மட்டும் சொன்னால் போதும்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அதுவரை கோப்பின் அமைப்பு ஒவ்வொரு புரோகிராமின் வயிற்றுக்குள்ளும் புதைந்து கிடந்தது. தகவலைப் பற்றிய விவரத்தைத் தகவலோடு வெளியே வைக்க வேண்டும் என்பதுதான் பின்னாளில் டேட்டாபேஸ், டேட்டா மாடல் என்றெல்லாம் பெயர் பெற்ற எல்லாவற்றுக்கும் விதை. கோபால் மொழி தகவலின் விவரிப்பைத் தனிப் பிரிவாக ஆக்கியதும், அதை நூலகத்தில் வைத்துப் பல புரோகிராம்களுக்குள் இழுத்துக்கொள்ள வசதி செய்ததும் இதே வழியில் வந்தவைதான். 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில் டக் மெக்கில்ராய், மின்னணுப் பாகங்களைப் பட்டியல் பார்த்து வாங்குவதுபோல மென்பொருள் பாகங்களையும் வாங்கும் நாள் வர வேண்டும் என்று வாதாடினார்.

1970-ல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பாடப்புத்தகங்களே போதுமான அளவு சொல்லிவிட்டதால் இங்கே நீட்டத் தேவையில்லை. தகவலை எல்லாம் எளிய அட்டவணைகளாக வை, எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அதிலிருந்து கிடைத்த ஒரு சின்ன வசதிதான் நமக்கு முக்கியம். அதன் பெயர் வியூ. ஒரு கேள்வியை எழுதி, அதற்குப் பெயர் வைத்துச் சேமித்தால், அதற்குப் பிறகு அதையே ஒரு அட்டவணைபோலப் பயன்படுத்தலாம். 'நிகர விற்பனை' என்ற வியூவில் தள்ளுபடி விதியை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை அறிக்கைகளிலும் தானாக மாறிவிடும். பலகையின் குறை தீர்ந்தது! குறைந்தபட்சம் காகிதத்தில்.

ஏனென்றால் 1979-ல் விசிகால்க் வந்துவிட்டது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து செய்த ஸ்ப்ரெட்ஷீட். அதன் பின் 1983-ல் லோட்டஸ் 1-2-3, 1985-ல் எக்செல். ஸ்ப்ரெட்ஷீட்டைத் திட்டுவது கம்ப்யூட்டர் துறையினருக்கு ஒரு ஃபேஷன். ஆனால் கணக்கர்கள் ஏன் அதைக் கட்டிக்கொண்டார்கள் என்று யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு அறிக்கை கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. எக்செலில் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பொதுப் பாகத்துக்காகக் காத்திருப்பதைவிட, தனக்கென்று ஒன்றை உடனே செய்துகொள்வது யாருக்கும் லாபம்தான். தனித்தனியாகப் பார்த்தால் லாபம். எல்லோரும் அப்படியே செய்தால் கம்பெனிக்கு எத்தனை மேஜையோ அத்தனை 'நிகர விற்பனை'.

இந்தக் குழப்பத்தில்தான் டேட்டா வேர்ஹவுஸ் பிறந்தது. 1988-ல் ஐபிஎம்மின் பேரி டெவ்லினும் பால் மர்ஃபியும் அதன் வரைபடத்தை வெளியிட்டார்கள். 1992-ல் பில் இன்மன் அதைப் புத்தகமாக்கினார். நிறுவனம் முழுவதற்குமாக ஒரே களஞ்சியத்தை முதலில் கட்டி, பிறகு அதிலிருந்து எல்லோருக்கும் அளந்து கொடு என்பது இன்மனின் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டி முடிப்பதற்குள் பணமும் பொறுமையும் தீர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

எதிர்க்கட்சிக்காரர் ரால்ஃப் கிம்பல். ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டரின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். 1996-ல் அவர் எழுதிய 'டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடி. அவர் எல்லா அறிக்கைகளையும் இரண்டே வகைப் பாகங்களாகப் பிரித்தார். எண்ணக்கூடியது எல்லாம் ஃபேக்ட். விற்ற தொகை, விற்ற எண்ணிக்கை போன்றவை. அதை எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பது டைமென்ஷன். தேதி, பொருள், கடை, வாடிக்கையாளர் போன்றவை. இந்தச் சொற்கள் தன்னுடையவை அல்ல, 1960-களில் ஜெனரல் மில்ஸ் நிறுவனமும் டார்ட்மவுத் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் பிறந்தவை என்று கிம்பலே எழுதியிருக்கிறார். (காலை உணவுக்கான தானியம் விற்கிற கம்பெனியிலிருந்து வந்த சொல்லா என்று ஆச்சரியப்படலாம். அட்டைப்பெட்டிகளை எண்ணுவதுதானே அவர்கள் தொழில்!)

அவருடைய நிஜமான பங்களிப்பு, டைமென்ஷன்கள் நிறுவனம் முழுவதும் ஒத்துப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததுதான். களஞ்சியத்தை ஒரே மூச்சில் கட்ட வேண்டாம். இந்த வருடம் விற்பனை, அடுத்த வருடம் சரக்கிருப்பு என்று துண்டு துண்டாகக் கட்டலாம். ஆனால் விற்பனையில் 'பொருள்' என்று எந்த அட்டவணை இருக்கிறதோ, அதே அட்டவணைதான் சரக்கிருப்பிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் 'எவ்வளவு விற்றது, எவ்வளவு மிச்சம்' என்று இரண்டையும் ஒரே அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க முடியும். கம்ப்யூட்டருக்குள் எல்லா அட்டைகளும் செருகப்படும் பொது இணைப்புக்கு பஸ் என்று பெயர். கிம்பல் தன் முறைக்கும் அதே பெயரை வைத்தார்.

இதில் மிகவும் எளிமையான, மிகவும் அதிகமாகப் பயன்படுகிற பாகம் தேதி அட்டவணை. நாளுக்கு ஒரு வரி, பத்து வருடத்துக்குச் சுமார் 3,650 வரிகள். ஒவ்வொரு வரியிலும் கிழமை, மாதம், விடுமுறையா இல்லையா, எந்த நிதியாண்டு, எந்தக் காலாண்டு என்றிருக்கும். காலண்டரைப் போய் அட்டவணையாகப் போடுவானேன் என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. அமெரிக்க மத்திய அரசுக்கு அக்டோபர் 1. 'முதல் காலாண்டு' என்று இருவரும் சொன்னால் அது இரண்டு வேறு பருவம். ஆளுக்காள் சூத்திரத்தில் எழுதிக்கொள்ளாமல் ஒரே அட்டவணையில் எழுதி வைத்துவிட்டால் சண்டை முடிந்தது. அந்த ஒரு அட்டவணையைச் செய்து வைத்துக்கொண்டு வேலை மாறும்போதெல்லாம் கையோடு கொண்டுபோகிறவர்கள் இந்தத் துறையில் ஏராளம்.

அமெரிக்காவில் அட்டவணைகள் ஒத்துப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், பாரிஸில் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1990-ல் பெர்னார்ட் லியோதோவும் டெனி பேயரும் தொடங்கிய பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனத்தின் அடிப்படை யோசனை ஜான் மிஷேல் காம்போ என்பவருடையது. டேட்டாபேஸில் அட்டவணைகளின் பெயர்கள் புரோகிராமருக்கு மட்டும் புரிகிற மாதிரி இருக்கும். அவற்றுக்கும் மேலாளருக்கும் நடுவில் ஒரு அடுக்கு வை. அதில் 'வருவாய்', 'வாடிக்கையாளர்', 'கிளை' என்று மனிதர்கள் பேசுகிற சொற்கள் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் என்ன சூத்திரம் என்பதை ஒருவர் ஒருமுறை எழுதி வைப்பார். மற்றவர்கள் அந்தச் சொல்லை இழுத்துப் போட்டால் அறிக்கை தயார். இந்த அடுக்குக்கு அவர்கள் யூனிவர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள்.

பலகையில் கம்பி, ஆர்பிஜியில் படிவம், காட்டிடம் அட்டவணை, கிம்பலிடம் டைமென்ஷன், கடைசியில் பாரிஸில் சொல்லின் அர்த்தம். பாகம் சிறியதாகிக்கொண்டே வந்து, கையில் பிடிக்க முடியாததாகவும் ஆகிவிட்டது.

அர்த்தம் சின்ன விஷயமில்லை என்பதற்கு ஷெல் நிறுவனமே சாட்சி. 2004 ஜனவரி 9 அன்று, தன்னிடம் இருப்பதாகச் சொல்லிவந்த 'நிரூபிக்கப்பட்ட' எண்ணெய், எரிவாயு இருப்பில் 390 கோடி பீப்பாய், அதாவது சுமார் 20 சதவீதம், அந்த வகையில் வராது என்று ஷெல் அறிவித்தது. நிலத்தடியில் எண்ணெய் காணாமல் போகவில்லை. 'நிரூபிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் வரையறை ஒன்று, கம்பெனிக்குள் புழங்கியது அதைவிடத் தளர்வானது. அவரவர் சாணால் அளந்ததன் விளைவு, தலைவர் பிலிப் வாட்ஸ் மார்ச்சில் பதவி விலகினார். அமெரிக்காவில் 12 கோடி டாலர், பிரிட்டனில் 1.7 கோடி பவுண்டு அபராதம். உள்ளே இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை என்பதும் பின்னர் வெளிவந்தது. ஆகவே இதை வெறும் அறிக்கைக் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. ஆனால் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்க அனுமதித்தால், மறைக்க நினைப்பவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கடினம்.

கணக்கர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1998-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரைச் சேர்ந்த சார்லஸ் ஹாஃப்மன் என்ற கணக்காளர், நிதி அறிக்கையின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொது அடையாளச்சீட்டு ஒட்டலாம் என்று ஆரம்பித்தார். அதுதான் எக்ஸ்பிஆர்எல். அமெரிக்கா 2009 முதல் படிப்படியாக அதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகம் 2010-11 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, பட்டியலிட்ட கம்பெனிகளையும் 5 கோடி ரூபாய் மூலதனம் அல்லது 100 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளையும் அதில் தாக்கல் செய்யச் சொன்னது. அமெரிக்காவில் ஒரு சலுகையும் தந்தார்கள். பொருத்தமான சீட்டு பட்டியலில் இல்லையென்றால் கம்பெனியே சொந்தமாக ஒன்று செய்துகொள்ளலாம். செய்துகொண்டார்கள், தாராளமாக! ஒப்பிடுவதற்காக வந்த முறையில் ஒப்பிட முடியாத சீட்டுகள் குவிந்தன. அதைக் கட்டுப்படுத்துவதே கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தனி வேலையாகிப் போனது.

2007-ல் பெரிய மீன்கள் சின்ன மீன்களை விழுங்கின. ஹைப்பீரியனை ஆரக்கிளும், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்ஏபியும், காக்னோஸை ஐபிஎம்மும் வாங்குவதாக ஒரே வருடத்தில் அறிவித்தன. பில்லியன் கணக்கில் விலை. அத்தனை விலை கொடுத்தும் ஒரு பழைய சிக்கல் அப்படியே நின்றது. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸின் யூனிவர்ஸ் அதற்குள்தான் பயன்படும். காக்னோஸுக்கு வேறு அடுக்கு, மைக்ரோஸ்ட்ராட்டஜிக்கு வேறு. மூன்றும் வைத்திருந்த கம்பெனி 'வருவாய்' என்றால் என்ன என்பதை மூன்று முறை எழுதியது. நான்காவது இடம் எக்செல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடமே லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அந்த நெருக்கடியில், ஒரு குறிப்பிட்ட நிறுவனம் மூழ்கினால் தங்களுக்கு மொத்தம் எவ்வளவு நஷ்டம் என்பதை வேகமாகவும் சரியாகவும் கூட்டிச் சொல்ல முடியாமல் பல வங்கிகள் திணறின. ஒவ்வொரு பிரிவிலும் கணக்கு இருந்தது. ஒன்றோடொன்று சேரவில்லை. எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு ஒரு பிரிவில் ஒரு பெயர், இன்னொரு பிரிவில் இன்னொரு பெயர் என்றால் எதை எதோடு கூட்டுவது? கிம்பல் 1996-ல் சொன்ன அதே 'ஒத்துப்போகும் டைமென்ஷன்' சமாச்சாரம்தான்.

அதற்கு அடுத்த பாடம் 2012-ல் வந்தது. ஜேபி மார்கன் வங்கியின் முதலீட்டுப் பிரிவு லண்டனில் வைத்திருந்த பந்தயங்களின் அளவைப் பார்த்து, அதைச் செய்தவருக்கு 'லண்டன் திமிங்கிலம்' என்றே சந்தை பெயர் வைத்தது. நஷ்டம் கடைசியில் சுமார் 620 கோடி டாலர். வங்கியே நடத்திய விசாரணையின் அறிக்கை 2013 ஜனவரியில் வந்தது. அபாயத்தை அளக்க அந்தப் பிரிவு பயன்படுத்திய புதிய மாடல், வரிசையாகப் பல எக்செல் கோப்புகளில் ஓடியிருக்கிறது. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் கையால் காப்பி பேஸ்ட். அதில் ஓரிடத்தில் இரண்டு எண்களின் சராசரியால் வகுப்பதற்குப் பதிலாகக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். சராசரி என்பது கூட்டுத்தொகையில் பாதி. ஆகவே ஏற்ற இறக்கம் உண்மையில் இருந்ததைவிடச் சுமார் பாதியாகத் தெரிந்திருக்கும். நஷ்டத்துக்கு இந்த ஒரு பிழைதான் காரணம் என்று சொல்லக்கூடாது. பந்தயம் கட்டியது மனிதர்கள், கண்டுகொள்ளாமல் விட்டதும் மனிதர்கள். ஆனாலும் அபாய மணி மெதுவாக அடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே சோதிக்கப்பட்ட ஒரு பொதுப் பாகத்தை மாட்டியிருக்க வேண்டிய இடத்தில், புதிதாகக் கையால் செய்த ஒன்று உட்கார்ந்திருந்தது.

அதே 2013 ஜனவரியில்தான் பாசல் குழு வங்கிகளுக்கான 14 கோட்பாடுகளை வெளியிட்டது. இடர் தகவலை எப்படித் தொகுப்பது, எப்படி அறிக்கையாக்குவது என்பது பற்றியது. இத்துறையில் அதற்கு 'பிசிபிஎஸ் 239' என்று பெயர். உலகின் மிகப் பெரிய வங்கிகளுக்குக் கெடு 2016 ஜனவரி. 2023 நவம்பரில் அதே குழு எடுத்துப் பார்த்தபோது, 31 வங்கிகளில் எல்லாக் கோட்பாடுகளையும் முழுமையாக நிறைவேற்றியவை இரண்டே இரண்டு! இந்த வங்கிகளுக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை, மென்பொருளுக்கும் பஞ்சமில்லை. கடனைக் கொடுத்த பிரிவும் பங்கு விற்ற பிரிவும் உட்கார்ந்து, 'வாடிக்கையாளர் என்றால் தாய்க் கம்பெனியா, கிளைக் கம்பெனியா' என்று முடிவு செய்ய வேண்டும். அதில் ஒருவர் தன் பழைய எண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் அவருக்கு போனஸ் என்றால், விட்டுக்கொடுப்பாரா?

மென்பொருள்காரர்கள் தங்கள் பங்குக்கு மறுபடி முயன்றார்கள். 2012-ல் தொடங்கிய லுக்கர், வரையறைகளைப் புரோகிராம்போல எழுதி, யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு வைத்துக்கொள்ளச் செய்தது. கூகுள் அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. 2015-ல் வந்த மைக்ரோசாப்டின் பவர் பிஐ, ஒரு டேட்டா மாடலைக் கட்டிவைத்து அதன் மேல் பல அறிக்கைகளை நிற்கவைக்கும் வசதியைச் சாதாரண அலுவலகங்களுக்கும் கொண்டுவந்தது. ஆனால் நடைமுறையில் பலரும் அறிக்கைக்கு ஒரு மாடல் என்று நகலெடுத்துக்கொண்டே போகிறார்கள். அலமாரி, பலகை... அதே கதை. 2016-ல் பிலடெல்பியாவில் பிறந்த டிபிடி, வேர்ஹவுஸுக்குள் நடக்கும் மாற்றங்களைச் சின்னச் சின்னப் பாகங்களாக எழுதி, ஒன்றை இன்னொன்று பெயர் சொல்லி அழைக்கும்படி செய்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொகுப்பாக இறக்கிக்கொள்ளலாம். மெக்கில்ராய் கேட்ட பட்டியலின் ஒரு மூலை அங்கே நிறைவேறியது எனலாம்.

ஒரு நிறுவனத்துக்கு இப்படி எத்தனை வரையறைகள் தேவைப்படும்? ஏர்பிஎன்பி 2021-ல் தன் மினர்வா அமைப்பைப் பற்றி எழுதியபோது, அதில் 12,000 அளவீடுகளும் 4,000 டைமென்ஷன்களும் இருப்பதாகச் சொன்னது. வீடு வாடகைக்கு விடுவதில் எண்ணுவதற்கு இத்தனை இருக்கிறதா என்று மலைப்பாக இருக்கிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பலகை யுகத்தில் இல்லாத பழக்கம் இது.

கருவிக்குக் கருவி வரையறையைத் திருப்பி எழுதும் பிரச்சினைக்கு 2025 செப்டம்பரில் ஒரு பதில் அறிவிக்கப்பட்டது. ஸ்னோஃபிளேக், சேல்ஸ்ஃபோர்ஸ், பிளாக்ராக், டிபிடி லேப்ஸ் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, சொற்களின் அர்த்தத்தை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குக் கொண்டுபோகப் பொதுவான வடிவம் ஒன்றை உருவாக்கப்போவதாகச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவிடம் 'போன காலாண்டு வருவாய் எவ்வளவு' என்று கேட்டால், எந்த வருவாய் என்று அதற்குத் தெரிய வேண்டுமே என்பதுதான் உடனடி அவசரம். மைக்ரோசாப்டின் பெயரும் கூகுளின் பெயரும் அந்த முதல் அறிவிப்பில் இல்லை.